மூன்று அங்குலம் தாழ்ந்த மேடை

— அது இருக்கட்டும் மேஸ்திரி. இந்தப் படி எதுக்குன்னு முதல்ல சொல்லுங்க.

— எந்தப் படி மேடம்?

— எந்தப் படியா? என் கையைப் பாருங்க. ஜன்னல் பக்கம் மேடை மேல கையை வச்சு இப்படியே தடவிக்கிட்டு வர்றேன். வருது, வருது, அடுப்பு வர்ற இடத்துல தொபுக்குன்னு கீழ இறங்குது. அங்கேர்ந்து சிங்க்கைத் தாண்டி சுவர் வரைக்கும் பள்ளம். சமையல் மேடைக்கு யாராவது படிக்கட்டு வைப்பாங்களா?

— பள்ளம்னு சொல்ற அளவுக்கெல்லாம் இல்லை. மூணு அங்குலம்.

— அளவு வேற சரியாத் தெரியுது. அப்ப இது கை தவறி நடந்ததில்லை.

— மேடம், டீ குடிச்சீங்களா? கீழ தெருமுனையில ஒரு கடை இருக்கு. நீங்க நிதானமாக் குடிச்சிட்டு, வீட்டுக்காரம்மா வர்ற பதினோரு மணிக்கு வந்தீங்கன்னா, நான் அதுக்குள்ள இந்தத் தூசியெல்லாம் துடைச்சு...

— மூணாவது தடவையா என்னை வெளிய அனுப்பப் பார்க்கறீங்க. ஆறு வருஷமா என்கூட மர வேலை பார்க்கறீங்க, ஒருநாளும் டீ குடிச்சியான்னு கேட்டதில்லை. இன்னைக்கு என்ன திடீர்ப் பாசம்?

— களைச்ச மாதிரி தெரிஞ்சுது.

— இது களைப்பு இல்லை, வயித்தெரிச்சல். நான் என்ன வரைஞ்சு கொடுத்தேன்? ஜன்னல்லேர்ந்து சுவர் வரைக்கும் ஒரே கோடு. பதினாலு அடி நீளம், முப்பத்தாறு அங்குல உயரம். பார்த்தா தேங்கின தண்ணி மாதிரி மட்டமா இருக்கணும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் வீட்டுக்காரம்மா கையெழுத்தே போட்டாங்க. அவங்க யாருன்னு தெரியும்ல?

— இந்தக் கட்டடத்துக்குச் செயலாளர்.

— கட்டடத்துல இருபத்தெட்டு வீடு. எல்லா வீட்டுலயும் இதே மாதிரி இருட்டடைஞ்ச பழைய சமையலறை. இது அவங்களுக்குப் பிடிச்சா மத்த இருபத்தேழும் நமக்குத்தான். அதை நம்பி சொந்தமாப் பட்டறை போட இடம் பேசி வச்சிருக்கேன். பிடிக்கலைன்னா, வரைஞ்சது ஒண்ணு செஞ்சது ஒண்ணுங்கற பேச்சு மாடி மாடியாப் போயிடும். லிஃப்டுக்கு முன்னாடி போயிடும்.

— எனக்கும் அது தெரியாம இல்லை மேடம். என் கையை நம்பி ஏழு பேர் இருக்காங்க.

— தெரிஞ்சேவா? சரி, கேளுங்க. கல்லுக்காரர்கிட்டப் பேசிட்டேன். பக்கத்துத் தெருவுல வேலையில இருக்கார். நான் ஒரு வார்த்தை சொன்னா ரெண்டு ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து கல்லைத் தூக்கிடுவார். கல்லுக்குக் கீழ இருக்கற மரப் பெட்டிக்கு அடியில கட்டை கொடுத்துத் திரும்ப உக்கார வைக்க ஒன்றரை மணி நேரம். இப்ப மணி ஒன்பது. உங்களுக்குப் பத்து நிமிஷம் தர்றேன். ஏன் செஞ்சீங்க?

— அது பத்து நிமிஷத்துல அடங்கற கதை இல்லையே.

— சுருக்கமா.

— சுருக்கமாச் சொன்னா, இங்க சமைக்கிறவங்களுக்கு முப்பத்தாறு எட்டாது.

— என்ன பேசறீங்க? வீட்டுக்காரம்மா என்னை விட அரை அடி உயரம். சமைக்கிறது அவங்கதான். நம்ம கேள்வித்தாள்ல அறுபது கேள்வி இருக்கு. இந்த ஊர்ல வேற எந்த டிசைனர் அறுபது கேட்கறாங்க? பன்னெண்டாவது கேள்வி, வீட்டில் சமைப்பவர் யார். 'நான்'னு எழுதி அடியில கோடு வேற போட்டிருக்காங்க.

— கோடு எதுக்குப் போட்டாங்கன்னு யோசிச்சீங்களா?

— எதுக்கு?

— தினமும் சமைக்கிறவங்க கோடு போட மாட்டாங்க மேடம். பெருமூச்சு விட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போவாங்க.

— ம். சரி, சொல்லுங்க.

— நீங்க காகிதத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கறீங்க. எனக்கு அந்தப் பழக்கம் வரலை. எழுத்துக் கூட்டிப் படிக்கவே முப்பத்தஞ்சு வயசாச்சு, அறுபது கேள்வியை நான் எங்க படிக்க? நான் அழுக்கைக் கேட்பேன். பழசை உடைக்கறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி தனியா வந்து ஒரு மணி நேரம் சும்மா நிப்பேன். சுவத்துல எங்க கை பட்டிருக்கு, எந்த இழுப்பறைக் கைப்பிடி தேய்ஞ்சிருக்கு, எது புதுசு மாதிரியே கிடக்கு. வீடு வாய் திறந்து சொல்லும். பொய் சொல்லத் தெரியாது அதுக்கு.

— இதை ஆறு வருஷமா எங்கிட்டச் சொன்னதே இல்லையே?

— நீங்க கேட்டதே இல்லையே. இந்தச் சமையலறையில நின்னேனா, ஜன்னல் பக்கம் மேடையில வட்ட வட்டமா காபிக் கறை. பக்கத்துச் சுவத்துல ஒரு முழங்கை அழுக்கு, நல்ல உயரத்துல. சரி, வீட்டுக்காரம்மா இங்க சாஞ்சு நின்னு காபி குடிச்சுக்கிட்டுத் தெருவைப் பார்ப்பாங்க. அது அவங்க இடம். அங்கேர்ந்து ரெண்டடி தள்ளினா அவங்க கை பட்ட தடம் ஒண்ணுகூட இல்லை.

— ஒண்ணுகூடவா?

— சல்லடை போட்டுத் தேடினேன். அடுப்புப் பக்கம் போனா வேற ஒரு ஆள். மேடை விளிம்புல வயிறு உரசி உரசி கல்லு பளபளன்னு இருக்கு. சுவத்துல எண்ணெய்க் கை தாழ்வா இருக்கு. மேல் அலமாரியில கீழ்த் தட்டு மட்டும் புழக்கத்துல, மேல் தட்டுல விரல் அளவுக்குத் தூசி. அடுப்புக்கு முன்னால தரையில, பழைய ரப்பர் விரிப்பைச் சுத்திக் கட்டின ரெண்டு செங்கல்.

— செங்கலா? சமையலறையில எதுக்குச் செங்கல்?

— நீங்களே சொல்லுங்க.

— கதவுக்கு முட்டுக் கொடுக்க?

— கதவு அந்தப் பக்கம்.

— சிலிண்டருக்கு அடியில வைக்க? இல்லை, நீங்க அடுப்புக்கு முன்னாலன்னு சொன்னீங்க. ஏறி நிக்கவா?

— ஏறி நிக்கத்தான். ரெண்டுலயும் குதிகால் இருக்கற இடத்துல குழி. அதுல ஒருத்தர் பல நாள் நின்னிருக்காங்க. வலது செங்கல்ல குழி ஆழம். இடது கால்ல வலி இருக்கு, பாரத்தை வலதுல போட்டு நிக்கறாங்க.

— அது யாரா இருக்கும்? வீட்டுக்காரர் ஆறடி. பையன் விடுதியில. குட்டையா யாரும் இந்த வீட்டுல இல்லையே.

— உங்க தாள்ல இல்லை.

— வேலைக்கு வர்றவங்களா?

— சமையக்கார அம்மா. காலையில ஒன்பது மணி வாக்குல வந்து, சமைச்சு வச்சுட்டுப் பதினொண்ணுக்குப் போயிடுவாங்க. நீங்க அளவெடுக்க வந்ததெல்லாம் சாயங்காலம், அதனால பார்த்திருக்க மாட்டீங்க.

— வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க.

— கையெழுத்துப் போடறவங்களைப் பத்தித்தானே நம்ம கேள்வி எல்லாம்? நிக்கறவங்களைப் பத்தி ஒண்ணும் இல்லையே.

— குத்தாதீங்க. அந்தக் கேள்வியை விட்டதுக்கு என்னைத்தான் முதல்ல அடிக்கணும். எங்கம்மா முப்பது வருஷம் மத்தவங்க அடுப்படியில நின்னவங்க மேஸ்திரி. இந்தத் தொழிலை நான் ஆரம்பிச்சதுக்குக் காரணமே அதுதான். முதல் சமையலறை முடிச்சுக் கொடுத்த அன்னைக்குச் சொன்னேன், இனிமே நீ யார் வீட்டு அடுப்புக்கு முன்னாடியும் நிக்கக் கூடாதுன்னு. அன்னையோட நிறுத்திட்டாங்க.

— ம்க்கும்... ம்க்கும்.

— என்ன, இருமறீங்க?

— தூசி.

— இப்ப நிம்மதியா இருக்காங்க. காலையில முதியோர் எழுத்து வகுப்புக்குப் போறாங்க. ரெண்டு வருஷமா ஒருநாள் தவறினதில்லை. ஆனா என்ன சொல்லிக் கொடுக்கறாங்களோ தெரியலை. போன வாரம் ஒரு கடைப் பலகையைக் காட்டிப் படிம்மான்னேன். கண்ணாடியை வீட்டுல வச்சுட்டேன்னாங்க. கண்ணாடி மூக்கு மேல இருக்கு.

— சிலருக்கு எழுத்து மெதுவாத்தான் ஏறும். என்னைப் பாருங்க.

— தரையில உக்காந்து உக்காந்து முட்டி வலி மட்டும் ஏறியிருக்கு. சரி, அவங்க கதை எதுக்கு இப்ப. நீங்க அந்தச் சமையக்கார அம்மாவைப் பார்த்தீங்களா?

— மறுநாள் காலையில பார்த்தேன். அந்தம்மா சமைச்சுக்கிட்டிருந்தாங்க, செங்கல் மேல நின்னு. இறங்குங்க, உங்க முழங்கையை அளக்கணும்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. எனக்கு எதுக்கு அளவு, இது என்ன எங்க வீடான்னு கேட்டாங்க. வீடு அவங்களோடது, முட்டி உங்களோடதுதானேன்னேன். அதுக்குச் சிரிச்சாங்க பாருங்க, கரண்டி கையிலேர்ந்து நழுவிடுச்சு. அப்புறம் கையை மடக்கிக் காட்டினாங்க. வெறுங்காலோட தரையிலேர்ந்து முழங்கை வரைக்கும் முப்பத்தாறு. நாலு விரல் கீழ மேடை இருந்தா வெங்காயம் நறுக்கறப்ப தோள் தூக்காது. அப்ப முப்பத்துமூணு.

— அதோட ட்ராயிங்கை மாத்திட்டீங்க.

— உடனே மாத்தலை. அந்தம்மாவே வேண்டாம்னாங்க.

— வேண்டாம்னாங்களா?

— கெஞ்சினாங்க மேடம். வரைஞ்சபடியே வைங்க மேஸ்திரி, எனக்குச் செங்கல் இருக்கு, பழகிடுச்சு, மூணு அங்குலத்துக்கு ஆசைப்பட்டு இருபத்தேழு வீட்டை விட்டுடாதீங்க, அந்தப் பொண்ணு பாவம்னு. அதைக் கேட்டப்புறம்தான் நான் முடிவே பண்ணினேன். இந்த வீட்டுலயே தனக்குன்னு எதுவும் கேக்காத ஆள் ஒண்ணே ஒண்ணு. அவங்களுக்கு இல்லாத அளவு வேற யாருக்குன்னு...

— நிறுத்துங்க.

— என்ன மேடம்?

— இருபத்தேழு வீடு விஷயம் அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?

— கேள்விப்பட்டிருப்பாங்க.

— யார்கிட்ட? அந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வீட்டுல எங்கம்மாகிட்ட ஒரு தடவை சொல்லியிருப்பேன். மேஸ்திரி, என் முகத்தைப் பாருங்க. அந்த ஆணியை அப்புறம் அடிக்கலாம்.

— ஆணி இல்லை, திருகு.

— மேஸ்திரி.

— சரி, சொல்லிடறேன். பாதி சொல்றேன். மீதிக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். இந்த வீட்டு வேலை நமக்கு எப்படி வந்ததுன்னு நினைக்கறீங்க?

— நம்ம படங்களைப் பார்த்துட்டு வந்தாங்க. போட்டோக்காரரை வச்சு எடுத்தோமே, அந்த நீலச் சமையலறை.

— வீட்டுக்காரம்மாவை நான் கேட்டேன். எங்க வீட்டுச் சமையக்கார அம்மா சொன்னாங்க, ஒரு பொண்ணு இருக்கா, வேலை சுத்தம், ஆளை ஏமாத்தாதுன்னு சொன்னாங்க, அதான் கூப்பிட்டேன்னாங்க. படமெல்லாம் அப்புறம் பார்த்ததுதான்.

— நிஜமாவா? அப்ப அதுக்கு முந்தின வீடு? அந்த டாக்டர் வீடு?

— டாக்டர் வீட்டுச் சமையக்கார அம்மாவுக்கு இவங்க சொல்லியிருக்காங்க.

— மாடித் தோட்டம் வச்ச வீடு?

— அங்க பாத்திரம் தேய்க்க வர்றவங்களுக்கு இவங்க சொல்லியிருக்காங்க. கதையைக் கேளுங்க மேடம். காலையில எட்டு மணிக்கு மணிக்கூண்டு பஸ் நிறுத்தத்துல போய் நின்னு பாருங்க. இந்தப் பக்கத்துல எந்த வீட்டுல யார் சமைக்கறாங்களோ அத்தனை பேரும் அங்கதான் நிப்பாங்க. எந்த வீட்டுல இழுப்பறை தொங்குது, எந்த வீட்டுல சிங்க் ஒழுகுது, யார் வீட்டுல பொண்ணுக்குக் கல்யாணம் பேசறாங்க, அதனால வெள்ளையடிக்கப் போறாங்க, எல்லாம் அங்க பேச்சு. நடுவுல இந்தம்மா. எங்க எது உடைஞ்சிருக்குன்னு கேட்டு வச்சுக்கறாங்க. வீட்டுக்காரங்க நல்ல மனநிலையில இருக்கறப்ப இந்தப் பொண்ணு பேரைச் சொல்லுங்கன்னு சொல்லி அனுப்பறாங்க.

— ரெண்டு வருஷமா நான் விளம்பரம், படம்னு தலையால தண்ணி குடிச்சுக்கிட்டிருக்கேன். எனக்கு வேலை பிடிச்சுக் கொடுத்தது ஒரு பஸ் நிறுத்தமா?

— படமும் நல்லாத்தான் இருக்கு.

— ஆறுதல் சொல்லாதீங்க. எனக்கு ஒண்ணுதான் புரியலை. எதுக்கு? அவங்களுக்கு என்ன லாபம்? முன்ன பின்ன தெரியாத ஒருத்திக்காக ஒருத்தர் ரெண்டு வருஷம் இவ்வளவு மெனக்கெடுவாங்களா?

— நானும் அதைத்தான் கேட்டேன். இந்த வயசுல எதுக்கும்மா நாலு வீடு ஏறி இறங்கறீங்க, வீட்டுல இருக்கலாமேன்னேன். வீட்டுல இருந்தா ஒரு சுவத்தைத்தான் பார்க்கணும், வெளிய வந்தா நாலு வீட்டுச் சமையலறை பார்க்கலாம், எது உடையப் போகுதுன்னு முன்கூட்டியே தெரியும்லன்னாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்கு நாலு மாசம் ஒரு வேலையும் வரலையாம். ராப்பகலா ஒண்ணும் சாப்பிடாம வரைஞ்சதையே திரும்பத் திரும்ப வரைஞ்சுக்கிட்டு இருந்துச்சாம். அப்ப ஆரம்பிச்சதுன்னாங்க.

— நாலு மாசம் வேலை இல்லாதது... அது அவங்களுக்கு யார் சொன்னது?

— மேடம், பத்து நிமிஷம் ஆயிடுச்சு. கல்லுக்காரர் காத்துக்கிட்டிருப்பார்.

— பேச்சை மாத்தாதீங்க. பேர் என்ன அவங்களுக்கு?

— அதுதான் வாக்குக் கொடுத்த பாதி.

— பேர் சொல்லக் கூடாதுன்னு வாக்கா? விசித்திரமா இருக்கே. சரி, இருங்க, போன் அடிக்குது. அவர்தான். ஹலோ... ஆமா, நான்தான். வந்துட்டீங்களா? கீழயா? கொஞ்சம் இருங்க அண்ணே... மேஸ்திரி, நான் இப்ப என்ன சொல்லட்டும்?

— நீங்க முதலாளி. தூக்கச் சொன்னா தூக்கறேன். தப்பு என்னோடதுன்னு வீட்டுக்காரம்மாகிட்டச் சொல்றதுக்கும் தயார். ஆனா ஒண்ணு. நேத்து சாயங்காலம் அவங்க வந்து பார்த்துட்டுப் போனாங்க.

— வந்தாங்களா? படியைப் பார்த்தாங்களா? என்ன சொன்னாங்க?

— ஜன்னல் பக்கம் போய் நின்னாங்க. மேடையில முழங்கையை ஊனிக்கிட்டு தெருவைப் பார்த்தாங்க. ரொம்ப வசதியா இருக்குன்னாங்க. கால் மணி நேரம் நின்னுட்டுப் போயிட்டாங்க. அடுப்புப் பக்கம் தலை திரும்பவே இல்லை. அவங்க இடத்தை நான் முப்பத்தாறுலதான் விட்டிருக்கேன்.

— ஹலோ அண்ணே, லைன்லதான் இருக்கேன். வேண்டாம், நீங்க திரும்பிப் போங்க. கல் அப்படியே இருக்கட்டும். ஆமா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்.

— மேடம்...

— நன்றியெல்லாம் அப்புறம். பதினோரு மணிக்கு அவங்ககிட்ட நான்தான் பேசப் போறேன். இது ஜன்னல் மேடை, உங்களுக்கு. அது சமையல் மேடை, சமைக்கிறவங்களுக்கு. ரெண்டையும் தனித்தனியா அளந்து செஞ்சிருக்கோம்னு உள்ளதை உள்ளபடி சொல்றேன். கோவிச்சுக்கிட்டா என் தலையெழுத்து. பிடிச்சிருந்தா மத்த இருபத்தேழு வீட்டுலயும் இதையே கேட்பேன். உங்க சமையலறையில தினமும் நிக்கறவங்களைக் கூப்பிடுங்க, எங்க மேஸ்திரி முழங்கையை அளக்கணும்னு. பன்னெண்டாவது கேள்வியை இன்னைக்கே அடிச்சுட்டு மாத்தி எழுதறேன்.

— பட்டறை?

— பட்டறை வந்தா வருது. என் கோடுதான் போச்சு. பதினாலு அடிக் கோடு. போகட்டும். ஆனா மேஸ்திரி, எனக்கு அந்தம்மாவைப் பார்த்தாகணும். வேலை தேடித் தர்ற ஆளா என்கூட வச்சுக்கறேன். இன்னொருத்தர் அடுப்புக்கு முன்னாடி இனி அவங்க ஒரு நிமிஷம் நிக்க வேண்டாம்.

— அதை அவங்க ஒத்துக்க மாட்டாங்க.

— நீங்க எப்படிச் சொல்றீங்க?

— ஏற்கெனவே ஒருத்தங்க அப்படிச் சொல்லி, சரின்னு தலையாட்டிட்டு வந்தவங்க அவங்க.

— புதிர் போடாதீங்க. எப்ப வருவாங்க?

— வீட்டுக்காரங்க எல்லாரும் இந்த வேலை முடியற வரைக்கும் வீட்டுக்காரம்மாவோட தங்கச்சி வீட்டுல இருக்காங்கள்ல. இங்க செடிக்குத் தண்ணி ஊத்த சாவி இவங்ககிட்டத்தான் கொடுத்திருக்காங்க. தினமும் இந்நேரத்துக்கு... அதான் நான் டீ குடிச்சிட்டு வரச் சொன்னேன்.

— நான் இருந்தா அவங்களுக்கு என்ன?

— மேடம், சாவி போடற சத்தம். நீங்க கொஞ்சம் அந்த பால்கனிப் பக்கமா...

— நான் எங்கயும் போக மாட்டேன். வரட்டும்.

— மேஸ்திரி, உள்ளதான் இருக்கீங்களா? செடிக்கு அப்புறம் ஊத்திக்கறேன், முதல்ல மேடையைக் காட்டுங்க, என் பொண்ணு பதினோரு மணிக்குத்தானே வர்றா, அதுக்குள்ள ஒரே ஒரு தடவை செங்கல் இல்லாம நின்னு பார்த்துட்டு ஓடிடறேன், எழுத்து வகுப்புன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.